ஆடம் ஸ்மித் எரிக்கச் சொன்னார், மாணவர்கள் எழுதி வைத்தார்கள்

வணக்கம் நண்பர்களே.

இந்தப் புத்தகத்தின் தடிமனைப் பாருங்கள். அட்டையில், ‘நாடுகளின் செல்வம்’ எழுதிய 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துச் சிந்தனையாளர் ஆடம் ஸ்மித்தின் பெயர் இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி அவர் எழுதியதல்ல, சட்டவியல் பற்றி வகுப்பறையில் பேசியது. எழுதியவர்கள் அவருடைய மாணவர்கள். நோட்டில் அவர்கள் தங்கள் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று வாரமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்று இதைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

எரிந்த தாள்களிலிருந்து தொடங்குகிறேன். 1773இல் ஸ்மித் லண்டன் கிளம்பும்போது, தன் நண்பரும் தத்துவவாதியுமான டேவிட் ஹியூமுக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால், தான் கையோடு கொண்டுபோகும் தாள்களையும் வானியல் வரலாறு பற்றிய ஒரு கட்டுரையையும் தவிர மற்ற எதுவும் வெளியிடத் தக்கதல்ல, படுக்கையறை அலமாரியில் இருக்கும் ஏறத்தாழ 18 மெல்லிய நோட்டுகளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அழித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் ஹியூம்தான் முதலில் காலமானார், 1776இல். அதன் பிறகு இந்தப் பொறுப்பு இரண்டு விஞ்ஞானிகளிடம் வந்தது. வேதியியலாளர் ஜோசப் பிளாக் ஒருவர், நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் மற்றொருவர். 1790 ஜூலையில், படுக்கையில் கிடந்த ஸ்மித்துக்கு அவர்களுடைய வாக்குறுதி மட்டும் போதவில்லை. கண்ணெதிரே எரித்தால்தான் மனம் ஆறும் என்று வற்புறுத்தினார். எரித்தார்கள். மொத்தம் 16 தொகுதிகள் என்று சொல்லப்படுகிறது. சில நாட்களில், ஜூலை 17 அன்று, எடின்பரோவில் அவர் இறந்தார்.

எனக்கு இதைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. அந்தத் தீயில் போனவற்றில், சட்டம், அரசு, வரி, வணிகம் பற்றி கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அவர் பல ஆண்டுகள் நடத்திய பாடங்களும் அடக்கம் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். சட்டமும் அரசும் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதுவேன் என்று 1759இலேயே அச்சில் வாக்குக் கொடுத்தவர் அவர். அந்தப் புத்தகம் கடைசி வரை வரவே இல்லை.

சரி, அந்த வகுப்பறை எப்படி இருந்தது? 1752 முதல் 1764 தொடக்கம் வரை ஸ்மித் அங்கே அறநெறித் தத்துவப் பேராசிரியர். காலை ஏழரை மணிக்கு வகுப்பு. ஸ்காட்லாந்தின் குளிர்காலத்தில் அந்த நேரத்தில் வெளியே இருட்டுதான். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். அவரிடமே படித்த ஜான் மில்லர் சொல்லிவைத்திருக்கிறார்: பெரும்பாலும் தாளைப் பார்க்காமல்தான் பேசுவாராம். தொடக்கத்தில் தயங்குவார், போகப்போகச் சூடு பிடிக்கும், பிறகு பேச்சு வெள்ளமாக ஓடும். ஒரு தூண் அருகே வழக்கமாக உட்காரும் ஒரு மாணவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துவார் என்றும் சொல்வார்கள். அந்தப் பையன் முன்னால் சாய்ந்தால் பாடம் நன்றாகப் போகிறது என்று பொருள். பின்னால் சாய்ந்துவிட்டால் பேச்சின் போக்கை மாற்றிவிடுவாராம்.

பாடம் நடக்கும்போது குறிப்பெடுப்பவர்களை அவருக்குப் பிடிக்காது. “கிறுக்குபவர்களை வெறுக்கிறேன்” என்று சொல்வாராம். தன் கருத்துகள் தனக்கு முன்பே அச்சேறிவிடும் என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று பேச்சை மீறிச் சிலர் எழுதியதால்தான் இன்று நம் கையில் எதுவாவது இருக்கிறது.

அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. 1895 ஏப்ரல் 21 அன்று எட்வின் கேனன் என்ற பொருளியலாளர் இன்னொருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு ஸ்மித் பக்கம் போனது. அங்கே இருந்த சார்லஸ் மக்கோனக்கி என்ற எடின்பரோ வழக்கறிஞர், கேனனை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். ஸ்மித்தின் சட்டவியல் வகுப்புக் குறிப்பு ஒன்று கையெழுத்துப் படியாகத் தன்னிடம் இருக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். கேனனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! அடுத்த ஆண்டே அதை ஆக்ஸ்போர்டு அச்சகத்தின் வழியாகப் பதிப்பித்துவிட்டார்.

அந்தப் படியின் முதல் பக்கத்தில் 1766 என்று ஆண்டு போட்டிருக்கிறது. ஆனால் ஸ்மித் 1764 ஜனவரியிலேயே வேலையை விட்டுவிட்டு, ஒரு இளம் பிரபுவுக்கு ஆசிரியராகப் பிரான்ஸ் போய்விட்டார். அப்படியானால் அது வகுப்பில் உட்கார்ந்து எழுதியதல்ல. யாரோ எழுதியதைப் பார்த்து, பிறகு அழகாகப் பெயர்த்து எழுதிய படி. “எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்” என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்த எச்சரிக்கை இங்கே அவசியம். மாணவன் கேட்டதில் ஒரு பிழை இருக்கலாம், பெயர்த்தெழுதியவர் கையில் இன்னொன்று சேர்ந்திருக்கலாம்.

இருந்தும் அந்த ஒரு படி ஒரு பெரிய வழக்கைத் தீர்த்துவைத்தது. ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’ 1776இல் வெளிவந்தது. அதற்கு முன் 1764 முதல் 1766 வரை அவர் பிரான்சில் இருந்தார், அங்கே துர்கோ முதலிய பொருளியல் சிந்தனையாளர்களோடு பழகினார். அதனால், தடையற்ற வணிகம் முதலான கருத்துகளையெல்லாம் அவர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார் என்று ஒரு பேச்சு நெடுங்காலம் ஓடிக்கொண்டிருந்தது. மாணவர் குறிப்பைத் திறந்தால் வேலைப் பிரிவினை, அதாவது ஒரு வேலையைப் பலர் பகுதி பகுதியாகப் பிரித்துச் செய்வது, இருக்கிறது, விலை எப்படி அமைகிறது என்பது இருக்கிறது, தங்கமும் வெள்ளியும்தான் செல்வம் என்ற எண்ணத்துக்கு மறுப்பு இருக்கிறது, இறக்குமதித் தடைகளுக்கு எதிரான வாதமும் இருக்கிறது. எல்லாமே அவர் பிரான்சில் கால் வைப்பதற்கு முன் கிளாஸ்கோவில் சொன்னவை. ஒரு நாட்டின் ஆண்டு விளைச்சல் கூலி, லாபம், நிலவாடகை என்று எப்படிப் பங்காகிறது என்ற திட்டம் மட்டும் குறிப்பில் இல்லை. அது பிரான்ஸ் தந்ததாக இருக்கலாம் என்று கேனன் சொன்னார். கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, மற்றதை மீட்டுத் தந்த நேர்மையான தீர்ப்பு அது என்று நினைக்கிறேன்.

வேலைப் பிரிவினைக்கு அவர் சொன்ன புகழ்பெற்ற குண்டூசிக் கதையையே எடுத்துக்கொள்வோம். ‘நாடுகளின் செல்வம்’ புத்தகத்தில் ஸ்மித் தான் நேரில் பார்த்த ஒரு சிறிய பட்டறையைச் சொல்கிறார். 10 பேர், ஒரு நாளைக்கு 48,000 குண்டூசிகள். தலைக்கு 4,800. மாணவர் குறிப்பில் கணக்கு வேறு: 18 பேர், தலைக்கு 2,000. 18 என்பது குண்டூசி செய்வதில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கை. ஏட்டில் படித்த கணக்கை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தவர், பின்னால் எங்கோ ஒரு பட்டறைக்குள் நுழைந்து, ஆட்களை எண்ணி, உதாரணத்தையே மாற்றியிருக்கிறார். ஒரு சிந்தனை பட்டறைக்குள் போய்த் திரும்பி வந்த தடத்தை இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் பார்க்க முடிகிறது. இதை முதலில் கவனித்தபோது எழுந்து அறைக்குள்ளேயே நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டாவது புதையல் 1958இல் கிடைத்தது. அபர்டீன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த ஜான் லோதியன், ஸ்காட்லாந்தின் வைட்ஹாக் என்ற மாளிகையின் பழைய நூலகத்திலிருந்து விற்பனைக்கு வந்த புத்தகங்களில் சிலவற்றை வாங்கினார். அவற்றுக்குள் மாணவர் நோட்டுகள் இருந்தன. ஒரு தொகுப்பு ஸ்மித்தின் சொற்கலை வகுப்புகள். இன்னொன்று சட்டவியல், 1762–63ஆம் கல்வியாண்டு. இன்று அவை கிளாஸ்கோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. இந்த நோட்டில் பல வகுப்புகளுக்குத் தேதி உண்டு. வலது பக்கத்தில் பாடம், எதிர்ப்பக்கத்தில் பின்னால் சேர்த்தவை, காதில் விழாத பெயருக்கு வெற்றிடம். சொற்கலை நோட்டில் ஒரு முகத்தை வரைந்து, “இது நிச்சயமின்மையின் படம்” என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். காலை வகுப்பில் தூக்கத்தோடு போராடிய அத்தனை பேருக்கும் அந்தப் படம் சொந்தம்.

ஆக இப்போது சட்டவியலுக்கு இரண்டு சாட்சிகள். 1766 என்று ஆண்டு போட்ட பிந்திய குறிப்பு சுருக்கமானது, ஆனால் முழுமையானது. 1762–63ஆம் கல்வியாண்டின் முந்திய குறிப்பு விரிவானது, ஆனால் பொருளியல் பகுதி முடிவதற்குள் நின்றுவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் சுவை. ஓரிடத்தைச் சொல்கிறேன். சொத்து வந்த பிறகுதான் அரசு வந்தது என்று ஸ்மித் பாடம் நடத்துகிறார். பிந்திய குறிப்பில், அரசின் நோக்கம் செல்வத்தைக் காப்பது, ஏழைகளிடமிருந்து பணக்காரர்களைக் காப்பது என்று இருக்கிறது. அச்சான புத்தகத்திலும் ஏறத்தாழ இதே சொற்கள்தான். 1763ஆம் ஆண்டு நோட்டில் அதே இடம் இன்னும் சுடுகிறது: சட்டமும் அரசும் ஏழைகளை ஒடுக்கப் பணக்காரர்கள் செய்துகொண்ட கூட்டு என்று எழுதியிருக்கிறது. ‘காப்பது’ எங்கே, ‘ஒடுக்குவது’ எங்கே! மாணவனின் கை கொஞ்சம் அழுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டு குறிப்பும் புத்தகமும் ஒரே திசையைக் காட்டும்போது, வகுப்பறையில் பேசிய ஸ்மித் அச்சில் எழுதிய ஸ்மித்தைவிடச் சற்றுத் தாராளமாக வாய் திறந்திருக்கிறார் என்றே நான் நம்புகிறேன்.

அடிமைமுறை பற்றிய பகுதியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகள் விளைவித்த புகையிலையை வாங்கி விற்றுச் செழித்த ஊர் அன்றைய கிளாஸ்கோ. அங்கே நின்றுகொண்டு, அடிமைமுறை ஒழிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம், ஐரோப்பாவின் ஒரு சிறு மூலையில் மட்டுமே அது ஒழிந்திருக்கிறது என்கிறார். அடுத்தது இன்னும் கடுமை. சுதந்திரமான குடியரசுகளில்தான் அடிமைமுறையை ஒழிப்பது மிகவும் கடினம், ஏனென்றால் அங்கே சட்டம் இயற்றுபவர்களே அடிமைகளை வைத்திருப்பவர்கள். சுதந்திரமானவர்களின் சுதந்திரமே அடிமைகளின் பெருந்துன்பத்துக்குக் காரணமாயிற்று என்கிறது குறிப்பு. மனிதனுக்கு மனிதன்மேல் அதிகாரம் செலுத்தும் ஆசை இருக்கும்வரை, கூலியாள் வைப்பதே லாபம் என்று தெரிந்தாலும் அவன் அடிமையை விடமாட்டான் என்று காரணமும் சொல்கிறார். உள்ளூரையும் விட்டுவைக்கவில்லை. ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் உப்பளத் தொழிலாளர்களும் அன்று வேலையிடத்தோடு கட்டுண்டவர்கள். சுரங்கம் கைமாறினால் அவர்களும் சேர்ந்து கைமாறினார்கள். அவர்களை விடுவிக்கும் சட்டங்கள் 1775இலும் 1799இலும்தான் வந்தன. இவர்களைப் பற்றியும் மாணவன் எழுதிவைத்திருக்கிறான்.

அவர் எரிக்கச் சொன்னாரே, நாம் படிப்பது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். தன் தாளை எரிக்க அவருக்கு உரிமை உண்டு, நண்பர்கள் வாக்கைக் காப்பாற்றியதும் சரி. ஆனால் ஒரு வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் சொன்ன சொல் கேட்டவனுக்கும் சொந்தம். கட்டணம் கொடுத்து உட்கார்ந்து கேட்ட பையன் அவன். நான் அவன் பக்கம்தான்.

படிக்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள், உயில், அடமானம், வாரிசுரிமை என்று களைத்துப்போவீர்கள். 1763 மார்ச் கடைசி வார வகுப்புகளைத் திறங்கள். குண்டூசி அங்கே இருக்கிறது. கசாப்புக்காரரிடம் நம் தேவையைச் சொல்லிக் கெஞ்சுவதில்லை, அவருக்கு என்ன லாபம் என்பதைத்தான் பேசுகிறோம் என்ற புகழ்பெற்ற வாதமும், புத்தகம் வருவதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு மாணவனின் கையெழுத்தில் அங்கே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு அடிமைமுறைப் பகுதிக்குப் போங்கள். அடுத்த காணொளியில் சொற்கலை நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன். அதில் முதல் வகுப்பு தொலைந்துபோயிருக்கிறது, அதனால் இரண்டாவது வகுப்பிலிருந்து தொடங்குவோம்.