கழுத்திருவை உருக்காமல் எண்ணுவது

அவைத் தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, நகரத்தார் பெரியவர்களே, முன்வரிசை ஆச்சிமார்களே, இடமில்லாமல் நின்றே கேட்கும் மாணவச் செல்வங்களே, இந்த மண்டபத்தையும் மோரையும் தந்த புரவலர் அவர்களே, வணக்கம்.

கடலுணவில், கண்ணுக்கே தெரியாத செயற்கை நானோ துகளைக் கண்டுபிடிப்பது பற்றி மூன்று செய்தி: கரைப்பது, எண்ணுவது, நம்புவது. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பதைச் செட்டிநாட்டுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஓர் ஆச்சி, கல்யாணத் தாலிமாலையான கழுத்திருவில் உருப்படி எத்தனை என்று பார்க்கச் சொல்லிப் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினாராம். பத்தர் அதை மூசையில் போட்டு உருக்கி, கட்டியைத் தராசில் வைத்து, “குந்துமணி குறையவில்லை ஆச்சி, இத்தனை பவுன்” என்றாராம். “எடையையா கேட்டேன்? எத்தனை உருப்படி, எது பெரிசு, எது சிறிசு?” “பொன் அத்தனையும் இருக்கே ஆச்சி!” “பொன் இருக்கு. கழுத்திரு எங்கேடா?”

மீன் சதையை நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவிடுவது அந்தப் பத்தர் வேலைதான். வெள்ளித் துகள் கரைந்து அயனியாகிவிடும். வெள்ளி எவ்வளவு என்று தெரியும். துகள் எத்தனை என்று தெரியாது.

ஆகவே, அரைத்த சதை அரை கிராமுக்கு 20 விழுக்காடு டிஎம்ஏஎச் (டெட்ராமெத்தில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு) காரம் 10 மில்லி விட்டு, ஒரு நாள் ஊறவிடுங்கள். சதை கரையும், துகள் நிற்கும். அந்தக் காரம் தோலில் பட்டாலே உயிருக்கு ஆபத்து; கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பிறகு தூய நீரில் பல மடங்கு நீர்க்கச் செய்து, அணுக்களை நிறையால் இனம் பிரிக்கும் ஐசிபி-எம்எஸ் கருவிக்குள் விடுங்கள். அதிலுள்ள பிளாஸ்மா என்ற கடுஞ்சூட்டு வாயுச் சுடரில் ஒவ்வொரு துகளும் ஒரு மில்லிநொடிக்கும் குறைவாக மின்னி மறையும். மின்னலின் எண்ணிக்கையிலிருந்து துகளின் எண்ணிக்கை, உயரத்திலிருந்து எடை. 60 நானோமீட்டர் வெள்ளி உருண்டை சுமார் 1.2 ஃபெம்டோகிராம்; ஒரு ஃபெம்டோகிராம் என்றால் கிராமில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. போதிய அளவு நீர்க்கவில்லை என்றால் இரண்டு துகள் சேர்ந்து விழுந்து ஒரே பெரிய துகளாகக் கணக்கில் ஏறும். உறிஞ்சும் கரைசலிலும் சிறு பங்குதான் பிளாஸ்மாவை எட்டும். அந்தப் பங்கை, அளவு தெரிந்த தங்கத் துகளை விட்டு முதலில் கணித்துக்கொள்ள வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

டைட்டானியம் இன்னும் படுத்தும். அதன் 48 என்ற நிறையில் கால்சியமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். முள்ளும் ஓடும் உள்ள பண்டத்தில் கால்சியத்துக்கா பஞ்சம்? 47-ஐப் பார்த்தால் தொல்லை குறையும், ஆனால் டைட்டானியத்தில் அந்த நிறையுள்ள அணு (ஐசோடோப்பு) ஏழரை விழுக்காடுகூட இல்லை. சின்னத் துகள் தப்பிவிடும். அதோடு, குமரிக் கடற்கரை மணவாளக்குறிச்சி மணலில், இரும்பும் கலந்த இல்மனைட் தாதுவாகவே டைட்டானியம் கிடக்கிறது. சிப்பி விழுங்கியது மணலா, ஆலைச் சரக்கா? கூடவே இரும்பு மின்னினால் மணலைச் சந்தேகிக்கலாம். ஒரே துகளில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் அணுக்கள் பறந்துவரும் நேரத்தை வைத்து எல்லா நிறையையும் ஒருசேரக் காணும் பறத்தல்-நேரக் கருவி வேண்டும்.

மூன்றாவது செய்திக்கு வருமுன் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதனால் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்ததால் மின்வேதியியல் ஆய்வகம் இந்தக் காரைக்குடிக்கு வந்தது, 1948-ல் அடிக்கல். இந்த ஊரிலேயே, தொண்டிக் கடற்கரை மீனைக் கொண்டுவரும் எவருக்கும் கதவு திறக்கும் துகள் சோதனைக்கூடம் ஒன்று வேண்டும். மனு வாசல் மேசையில் இருக்கிறது. மோர் குடித்த கையோடு கையெழுத்தும் போட்டுவிட்டுப் போங்கள்.