உமியும் ஹைட்ரஜனும்

நேயர்களுக்கு வணக்கம். நான் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்காரன். எரிசாராய ஆலையில் பாய்லர் பார்த்தே பாதி ஆயுள் போனது. ஷிப்ட் முடிந்து வந்தால் சட்டையை வாசலிலேயே உதறச் சொல்வாள் வீட்டுக்காரி. தையலிடுக்கெல்லாம் உமிச் சாம்பல். ஹைட்ரஜன் எரித்தால் சாம்பல் இல்லை, கரிப்புகை இல்லை, மிஞ்சுவது நீராவிதான் என்றேன். "அப்போ ஏன் மாத்தல?" என்றாள்.

சாராயம் 78 டிகிரியில் கொதிக்கும். ஆனால் வாஷில், அதாவது சாராயம் வடிக்கப் புளிக்கவைத்த ஊறலில், பெரும்பங்கு தண்ணீர். அதையும் சேர்த்துச் சூடாக்குவதில்தான் எரிபொருள் கரைகிறது.

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் விஸ்கி ஆலைகளுக்கு எண்ணெய் கப்பலில்தான் வர வேண்டும். அங்கே ப்ரூக்லாடி ஆலையின் ஹைட்ரஜன் பாய்லர் திட்டத்துக்கு 2021இல் பிரிட்டிஷ் அரசு பணம் ஒதுக்கியது. ஹைட்ரஜனைக் காற்றில் எரித்தால், அந்தச் சூட்டில் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சுவாயு பிறக்கும். அதனால் வெற்றிட அறையில் ஆக்சிஜனோடு மட்டும் எரிக்கும் ஏற்பாடு.

பாய்லர்காரன் பயம் வேறு. ஹைட்ரஜன் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது. ராக்கெட் தளங்களில் ஒரு காலத்தில் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்களாம். அது பற்றிக்கொண்டால் அங்கே தீ! நாங்களோ தீயின் நிறம் பார்த்துக் காற்றைக் கூட்டிக் குறைத்துப் பழகியவர்கள்.

தண்ணீரைப் பிரித்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் கரண்ட் வேண்டும். எரித்தால் சுமார் 33 யூனிட் சூடு. அதே கரண்டை நேராக மின் பாய்லருக்குக் கொடுத்தால் கிட்டத்தட்ட முழுதும் நீராவியாகிவிடும். ஆடிக் காற்றில் கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகள் சுற்றும்போது மிஞ்சும் கரண்டைச் சேமிக்கலாமே என்பார்கள். 1 கிலோ ஹைட்ரஜன் சாதாரண அழுத்தத்தில் 11,000 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். ஆடிக் காற்றைத் தை வரை அடைத்து வைக்க எத்தனை சிலிண்டர்!

தண்ணீர்க் கவலையும் உண்டு. கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று மக்கள் போராடிய பிளாச்சிமடை நமக்குப் பக்கத்து ஊர்தானே. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கணக்குப்படி 9 லிட்டர் தண்ணீர். சுத்திகரிப்பில் வீணாவது தனி. ஆனால் சாராய ஆவியைக் குளிரவைக்கவே ஆலை அதைவிட அதிகம் குடிக்கும்.

நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கிற ஆலைக்கு ஹைட்ரஜன் பேச்சில் அர்த்தமுண்டு. நாங்கள் எரித்த உமி, வயலில் நெல் காற்றிலிருந்து இழுத்த கரிதான்; எரித்தால் அதுவே காற்றுக்குத் திரும்புகிறது. சாராயம் வடிக்கும் கோபுரத்தின் அடியிலிருந்து ஸ்பென்ட் வாஷ், அதாவது சாராயம் பிரிந்தபின் மிஞ்சும் கழிவுநீர், கொதிக்கக் கொதிக்க வெளியேறும். முதலில் அந்தச் சூட்டை உள்ளே வரும் வாஷுக்கு ஏற்றச் சொல்வேன். ஆறியதை மூடிய தொட்டியில் விட்டு எரிவாயு எடுக்கச் சொல்வேன். அதற்கப்புறமும் பாய்லருக்குப் பசித்தால், ஹைட்ரஜன் விலை கேட்கலாம்.