கலிஃபோர்னியாவின் கடற்கரையையே மிஞ்சிய ஏரிக்கரை!

வணக்கம் நண்பர்களே! கலிஃபோர்னியாவின் கடற்கரை எவ்வளவு நீளம் தெரியுமா? சுமார் 1,350 கிலோமீட்டர். அதைவிட நீளமான கரை உள்ள ஏரி ஒன்று அமெரிக்காவிலேயே இருக்கிறது. அதுவும் கடல் காற்றே படாத மிசூரி மாநிலத்தின் நடுவில். பெயர் லேக் ஆஃப் தி ஓசார்க்ஸ். கரையின் நீளம் சுமார் 1,850 கிலோமீட்டர்!

அப்படியானால் பிரம்மாண்டமான ஏரியாக இருக்குமே என்பீர்கள். இல்லை. பரப்பளவு ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர்தான். பக்கத்துக்கு 15 கிலோமீட்டர் உள்ள ஒரு சதுரத்தில் அடங்கிவிடும். அந்தச் சதுரத்தைச் சுற்றி வந்தால் 60 கிலோமீட்டர். இங்கே 1,850. மீதி எங்கிருந்து வந்தது?

பின்னணியைச் சட்டென்று பார்த்துவிடலாம். செயின்ட் லூயிஸ் நகரத்து மின் நிறுவனமான யூனியன் எலக்ட்ரிக், ஓசேஜ் ஆற்றின் குறுக்கே 1929-இல் பேக்னெல் அணையைக் கட்டத் தொடங்கியது. 1931-இல் வேலை முடிந்தது. உயரம் 45 மீட்டர், நீளம் 775 மீட்டர். பொருளாதாரம் சரிந்து வேலையே கிடைக்காத பெருமந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட அணை இது.

சரி, அந்த மீதி நீளம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நூலை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு தாளில் உங்கள் கையை விரல்களைச் சேர்த்து வைத்து, ஓரமாகவே பென்சிலால் வரையுங்கள். அப்புறம் விரல்களை விரித்து வைத்து, ஒவ்வொரு விரலிடுக்கிலும் இறங்கி ஏறி வரையுங்கள். இரண்டு கோடுகளின் மேலும் நூலை ஒட்டி அளந்து பாருங்கள். கை அதே கைதான். ஆனால் இரண்டாவது கோட்டுக்கு நூல் எக்கச்சக்கமாக இழுக்கும். ஓசார்க்ஸில் நடந்ததும் இதேதான். ஓசேஜ் ஆறு ஏற்கெனவே பாம்புபோல் வளைந்து ஓடியது. இருபுறமும் மலை, மலைக்கு மலை ஓடைப் பள்ளம். அணைக்குப் பின்னால் நீர் உயர உயர, ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் புகுந்தது. ஒவ்வொரு பள்ளமும் ஒரு விரலிடுக்கு! வரைபடத்தில் டிராகன்போல் நெளிந்து கிடக்கும் ஏரியை இப்போது திரையில் பாருங்கள்.

அணை கட்டியது மின்சாரத்துக்காக. ஆனால் இந்த நெளிவுதான் ஊரையே படகு ஊராக்கியது. இங்கே முகவரி கேட்டால் மைல் எண் சொல்வார்கள். அணைதான் பூஜ்யம். அங்கிருந்து பிரதான நீர்வழி 92 மைல். 'இருபதாவது மைலில் இருக்கிறோம்' என்றால் போதும், படகில் வந்துவிடுவார்கள். காருக்கு இடம் தேடுவதுபோல, உணவகத்தின் முன்னால் படகைக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள்.

கரையோரமெல்லாம் வீடும் படகுத்துறையுமாக நெருக்கியடிக்கிறது. இதே ஆற்றில் சற்று மேலே போனால் ட்ரூமன் ஏரி. அங்கே கரையில் வீடுகளையே பார்ப்பது அரிது. காரணம், அது அரசு கட்டியது. வெள்ளத்தைத் தேக்குவதற்காகக் கரைநிலத்தை அரசே வைத்திருக்கிறது, நீர்மட்டமும் ஏறி இறங்கும். ஓசார்க்ஸில் நீர்மட்டம் அவ்வளவாக மாறாது, கரைநிலமும் பெரும்பாலும் தனியார் கைக்குப் போனது. என்னைக் கேட்டால், ஓர் ஏரியின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது தண்ணீரைவிடக் கரை யாருடையது என்பதுதான்.

இதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. கேம்டன் மாவட்டத்தின் தலைநகராக இருந்த பழைய லின் கிரீக் ஊர் நீருக்கடியில் போனது. மக்களோடு கல்லறைகளையும் இடம் மாற்றினார்கள். கேம்டன்டன் என்ற ஊர் அப்படித்தான் பிறந்தது.

கடைசியாக, இதே ஏரியைப் பார்த்தபடி குன்றின்மேல் நிற்கும் ஹா ஹா டோங்கா மாளிகை. ராபர்ட் ஸ்னைடர் என்ற கன்சாஸ் சிட்டி தொழிலதிபர் 1905-இல் கட்டத் தொடங்கினார். மறு ஆண்டே கார் விபத்தில் இறந்துபோனார். மகன்கள் கட்டி முடிக்க 1922 ஆகிவிட்டது. அணை நீர் வந்து தங்கள் ஊற்று ஏரியை மூழ்கடித்ததற்காக அந்தக் குடும்பம் மின் நிறுவனத்தின்மீது வழக்கும் போட்டது. 1942-இல் புகைபோக்கித் தீப்பொறி கூரையில் பட்டு எல்லாம் எரிந்தது. இன்று அது மாநிலப் பூங்கா. கூரையில்லாத கற்சுவர்கள் குன்றின் உச்சியில் நிற்கின்றன. காலியான ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால், அதே ஓசார்க்ஸ் ஏரிதான் தெரிகிறது.

ட்ரூமன் ஏரிக்குத் தனி வீடியோ வேண்டுமா? கமெண்டில் சொல்லுங்கள். நூல் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் எத்தனை சென்டிமீட்டர் வந்தது என்றும் எழுதுங்கள்!