இரவல் கவசமும் வாடகைக் காரும்

(திருப்பூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கமுங்க. இந்த வயதில் காமிக்ஸ் பற்றிப் பேச மேடை ஏறுகிறானே என்று முன்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தபோது இரும்புக்கை மாயாவிக்காகத் தின்பண்டக் காசைச் சேர்த்தவன் நான். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், கை மட்டும் தெரியும். ஆனால் மாயாவி ஒண்டிக்கட்டை. குடும்பத்தோடு ஊர் மாறுகிற தொல்லை அவருக்கில்லை.

எக்ஸ்-மென் என்று அமெரிக்க காமிக்ஸில் ஒரு கூட்டம், பிறவியிலேயே அதிசய சக்தி உள்ளவர்கள். அவர்களுக்கு அந்தத் தொல்லை வந்தது. 1963-இல் அமெரிக்காவில் வந்த முதல் இதழிலேயே அவர்களுக்கு எதிரி மேக்னெட்டோ, இரும்பை நினைத்தபடி ஆட்டி வைக்கிறவன். 45 வருடம் கழித்து, 2008-இல் 500-ஆவது இதழ். அவர்கள் குடியிருந்த நியூயார்க் பக்கத்து மாளிகை இடிந்துபோய், கூட்டமாக சான்பிரான்சிஸ்கோவுக்குக் குடிவருகிறார்கள். நகரத்து மேயரே வரவேற்கிறார். சரி, சட்டி பானையை இறக்கியாயிற்று. அப்புறம் யார் வந்து நிற்பது? அதே மேக்னெட்டோ.

அந்தச் சமயத்தில் அவனிடம் சொந்த சக்தியே கிடையாது. 2005-இல் வந்த கதையிலேயே அது பறிபோய்விட்டது. ஆனாலும் இரும்பை வளைக்கிறான். எப்படி? இன்னொருவர் செய்து கொடுத்த கவசம். இரவல்! அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கய்யன் ஞாபகம்.

மழை பொய்த்து, காங்கயம் பக்கத்திலிருந்து பெட்டி படுக்கையோடு திருப்பூர் வந்தோம். எங்கய்யன் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் அடித்தார். புது ஊர், யாருக்கும் நம் பழைய கதை தெரியாது என்று ஆத்தாவுக்கு ஒரு நிம்மதி. ஒரு சனிக்கிழமை, சம்பளம் போடுகிற நேரம், கம்பெனி வாசலில் வெள்ளை அம்பாசடர். ஊரில் விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுத்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் அய்யனுக்குத் தூக்குப்போசியில் டீ கொண்டு போயிருந்தேன். தெருவே கேட்கிற மாதிரி சத்தம். செக்கிங் அக்காமார் பீஸைக் கையில் பிடித்தபடியே வெளியே எட்டிப் பார்த்தார்கள்.

அய்யன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மடித்து வைத்திருந்த வாரச் சம்பளத்தைப் பிரித்து, பாதியை எண்ணிக் கொடுத்தார். அந்த ஆளின் செருப்பைப் பார்த்தேன். வார் அறுந்து, சணல் கயிற்றால் கட்டியிருந்தது. கிணறு வற்றியது எங்களுக்கு மட்டுமல்ல, அவருக்கும்தான்.

அவர் மறுபடி காரில் ஏறப் போனார். டிரைவர் கதவைத் திறக்கவில்லை.

"ஏனுங்க, வாடகையைக் குடுத்துப்போட்டு ஏறுங்க."

அய்யன் கொடுத்த நோட்டு அப்படியே டிரைவர் கைக்குப் போனது.