அடிஸ் அபாபாவில் ஓர் எழுத்துப் பாடம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

எத்தியோப்பியாவுக்குப் போய் வந்தேன் என்றதும் எல்லாரும் கேட்டது, "வெயிலை எப்படித் தாங்கினீர்கள்?" என்றுதான். நண்பர்களே, அந்நாட்டின் தலைநகர் அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிற ஊர். நம் உதகையைவிட உயரம். நான் இருந்த ஆகஸ்டு மாதத்தில் மழை விட்டபாடில்லை. சுவெட்டரைக் கழற்றவே இல்லை. என்டோட்டோ மலைக்குப் போனால் யூகலிப்டஸ் வாசனை. மன்னர் இரண்டாம் மெனலிக் காலத்தில் விறகுக்காகக் கொண்டுவந்து நட்ட மரங்கள், இன்றும் மலையை மூடி நிற்கின்றன.

அங்கே காலை 7 மணி என்பது 1 மணி. பொழுது விடிந்ததிலிருந்து எண்ணுகிறார்கள். உதயாதி நாழிகை என்று கணக்குப் பார்த்த நமக்கு இது விளங்காததா என்ன? ஆண்டுக்கு 13 மாதங்கள்: முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு, கடைசியில் ஐந்தோ ஆறோ நாளில் ஒரு குட்டி மாதம். நம் கையிலுள்ள காலண்டருக்கு ஏழெட்டு ஆண்டு பின்னால் அவர்கள் ஆண்டு ஓடுகிறது.

இதை வெறும் விநோதம் என்றுதான் முதலில் நினைத்தேன். சித்திஸ்ட் கிலோ சதுக்கத்தில் அந்த நினைவுத் தூணின் முன் நின்றபோது நினைப்பு மாறியது. அதன் பெயரே ஒரு தேதி: யெக்காத்தித் 12. நம் கணக்கில் 1937 பிப்ரவரி 19. 1896இல் அட்வா போரில் எத்தியோப்பியாவிடம் தோற்று ஓடிய இத்தாலி, நாற்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்து ஊரைப் பிடித்துவைத்திருந்த காலம். தளபதி கிராட்சியானிமீது குண்டு வீசப்பட்டது என்பதற்காக, மூன்று நாள் இந்த நகரத்து மக்களை ஆயிரக்கணக்கில் கொன்று குவித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். தூணின் உடம்பில் அந்தக் காட்சிகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நான் அதை முழுதும் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. கொன்றவனின் நாட்காட்டியில் அல்ல, தங்கள் நாட்காட்டியில் அந்த நாளை எழுதி நிறுத்தியிருக்கிறார்கள் பாருங்கள், அதற்குத்தான் நான் தலைவணங்கினேன்.

ஒரு வீட்டில் காப்பிக்கு அழைத்திருந்தார்கள். தரையில் பச்சைப் புல்லைப் பரப்பி, சாம்பிராணி போட்டு, வீட்டு அம்மா பச்சைக் கொட்டையைக் கழுவி வாணலியில் வறுத்தார். புகை எழும்பியதும் வாணலியை ஒவ்வொருவர் முகத்தருகேயும் கொண்டுவந்தார். கையால் புகையை வாங்கி முகர வேண்டும். ஜெபெனா என்கிற கறுத்த மண்கூஜாவில் காய்ச்சி, பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் ஊற்றுகிறார்கள். முதல் சுற்று அபோல், அடுத்தது தோனா, மூன்றாவது பெரெக்கா. பெரெக்கா என்றால் ஆசி. அதற்கு முன் எழுந்து வருவது சரியில்லை.

அந்த நேரமெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தவள் அவருடைய எட்டு வயது மகள். சுவரில் ஃபிதெல் அட்டவணை, அதாவது அவர்களுடைய அம்ஹாரிக் மொழியின் எழுத்து அட்டவணை, மாட்டியிருந்தது. 33 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஏழு வடிவம், ஆக 231. அவள் குச்சியை வைத்துத் தொட்டுத் தொட்டு, "லெ, லு, லி, லா, லே, ல், லோ" என்று பாடினாள். முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் க, கா, கி, கீ எழுதிப்போட்டவன் நான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர்கள் எழுத்துக்கும் நம் எழுத்துக்கும் உறவு இருக்கிறதென்று நான் சொல்லவரவில்லை. பிறந்த வழி வேறு. ஆனால் மெய்யெழுத்தின் உடம்பிலேயே உயிரை ஏற்றி எழுதும் அந்த முறையை, எங்கோ ஒரு மலைநகரத்தில் ஒரு குழந்தை ராகம் போட்டுச் சொல்லும்போது, நம் வகுப்பறைதான் அது.

உங்கள் மொழி என்ன என்று கேட்டாள். சொன்னேன். ஃபிதெலில் எழுதிக் காட்டினாள். கடைசியில் 'ல்' போட்டிருந்தாள். இல்லையம்மா என்று நாக்கை மடித்துச் சொல்லிக் காட்டினேன். அட்டவணை முழுக்கத் தேடினாள். அந்த ஒலிக்கு எழுத்து இல்லை. நோட்டை என்னிடம் நீட்டினாள். நான் ஒரு 'ழ' எழுதினேன். மூன்றாவது காப்பி ஆறுவதற்குள் ஒரு பக்கம் முழுக்க 'ழ' எழுதிவிட்டாள்.