ஒட்டுற பேரை நம்பாதீங்க!

(பட்டிமன்றத் தலைப்பு: கணினியில் ஃபைல்களைச் சீராக வைக்கக் கைகொடுப்பது ஃபோல்டரா, டேக்கா? ஃபோல்டர் அணியின் இரண்டாவது பேச்சாளர் உரை)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிர்ல உட்கார்ந்திருக்கிற டேக் அணியினருக்கும், ஃபேனுக்குக் கீழ இடம் பிடிச்சு உட்கார்ந்திருக்கிற கெட்டிக்காரப் பெரியோர்களுக்கும், இடம் கிடைக்காம நிக்கிறவங்களுக்கும் வணக்கம்.

எனக்கு முன்னாடி பேசின சகோதரி ஒரு கேள்வி கேட்டாங்க. வீட்டுக் கடனுக்கு வங்கி வருஷா வருஷம் வட்டிச் சான்றிதழ் தருது. அந்தப் பிடிஎஃப்பை ‘வீடு’ ஃபோல்டர்ல போடுறதா, ‘வங்கி’யில போடுறதா, ‘வருமான வரி’யில போடுறதா? ஃபோல்டர்னா ஒரு இடம்தான், டேக்னா ஃபைல்மேல ஒட்டுற பேர்ச்சீட்டு, மூணையும் ஒட்டிடலாமேன்னாங்க. கைதட்டல் பிரமாதம். நானும் தட்டினேன்.

ஆனா அம்மா, அந்தச் சான்றிதழை நீங்க எப்போ தேடுவீங்க? ஜூலை மாசம் ஆடிட்டர் போன் போடும்போது. அப்போ அது வருமான வரி ஃபோல்டர்ல, அந்த வருஷத்துக்குள்ள இருந்தாப் போதும். ‘வீடு’லயும் வேணும்னா அங்க ஒரு ஷார்ட்கட் வைங்க, அசல் ஃபைல் இருக்கிற இடத்துக்கு வழிகாட்டுற குறி அது. ஆப்பிளோட மேக் கணினியில ஏலியஸ்னு இது 1991லேயே வந்தாச்சு, விண்டோஸ்ல 95ல வந்தாச்சு. கூகுள் டிரைவ்ல ஒரு காலத்துல ஒரே ஃபைலைப் பல ஃபோல்டர்ல வைக்கலாம். 2020ல அதை நிறுத்திட்டாங்க. ஒரு ஃபைலுக்கு ஒரு இடம், மத்த இடத்துக்கு ஷார்ட்கட். அவ்வளவு பெரிய கம்பெனியே எங்க அணிக்கு வந்து உட்கார்ந்துடுச்சு ஐயா!

“ஜிமெயிலைப் பாருங்க, 2004லேருந்து லேபிள்தான்”னும் சொன்னாங்க. லேபிள்னா மெயிலுக்கு ஒட்டுற டேக். சரிம்மா. அந்த ஜிமெயில்லயே 2009ல மெயிலை ஒரு லேபிளுக்குள்ள நகர்த்தி வைக்க ‘மூவ் டு’ன்னு ஒரு பட்டனைக் கொண்டுவந்து வச்சாங்களே, எதுக்கு? லேபிளை ஃபோல்டர் மாதிரியே புழங்கணும்னு ஜனங்க விரும்பினதாலதானே!

இது என் ஊகம் இல்ல. இஸ்ரேல்ல ஓஃபர் பெர்க்மன்ங்கிற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் இதையே சோதிச்சுப் பார்த்து 2013ல வெளியிட்டாங்க. 75 ஜிமெயில்காரங்க, 23 விண்டோஸ் 7காரங்க. அந்த 23 பேரையும் ரெண்டு வாரம் எல்லா ஃபைலுக்கும் டேக் போடச் சொன்னாங்க. அப்புறம் அஞ்சு வாரம், உங்க இஷ்டம்னு விட்டுட்டாங்க. ரெண்டு கூட்டமும் ஃபோல்டர் பக்கம்தான் சாஞ்சுது. டேக் போட்ட கொஞ்சநஞ்சம் பேரும் பெரும்பாலும் ஒரு ஃபைலுக்கு எத்தனை டேக் போட்டாங்க தெரியுமா? ஒண்ணு. ஒரே ஒரு டேக் போட்டா அதுக்குப் பேரு என்ன ஐயா? ஃபோல்டர்தானே! தேடி எடுக்கச் சொன்னப்பவும் டேக்ல தேடினா நேரம் கூட ஆச்சு, கிடைச்சதும் குறைவு.

ஏன்னு கேளுங்க. வில்லங்கச் சான்றிதழ் வாங்கி ஸ்கேன் பண்ணி வைக்கிறோம். அன்னைக்கு ‘வில்லங்கம்’னு டேக் போட்டேன். அடுத்த வருஷம் ‘ஈ.சி.’ன்னு போட்டேன். வீட்டுக்காரம்மா உட்கார்ந்தப்போ ‘நிலம்’னு போட்டாங்க. பையன் உட்கார்ந்தப்போ ‘அப்பா டாக்குமெண்ட்’னு போட்டான். நாலும் ஒரே சங்கதி, டேக்குக்கு நாலும் வேற வேற. ஜார்ஜ் ஃபர்னாஸ்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழுவினர் 1987ல இதை அளந்தே காட்டிட்டாங்க: ஒரே பொருளுக்கு ரெண்டு பேர் தனித்தனியாப் பேர் வச்சா, ரெண்டும் ஒண்ணாப் பொருந்துறதுக்கான வாய்ப்பு நூத்துக்கு 20க்கும் கீழ. ஃபோல்டரைத் திறந்தா, ஏற்கெனவே என்ன பேர் வச்சிருக்கோம்னு கண்ணுக்கு முன்னாடி நிக்கும். உள்ள போட்டுட்டு எழுந்திரிக்கலாம்.

இதெல்லாம் சில்லறை. என் பெரிய வழக்கே வேற. டேக் ஊரை விட்டு வெளிய போகாது ஐயா.

மேக்ல 2013ல வந்த மேவரிக்ஸ் பதிப்புல டேக் கொடுத்தாங்க. சிவப்பு, பச்சைன்னு கலர் கலரா. அந்த டேக் ஃபைலோட உள்ளடக்கத்துல இல்ல. ‘எக்ஸ்டெண்டட் அட்ரிபியூட்’னு ஒட்டுத்திண்ணை மாதிரி தனியா ஒரு இடத்துல உட்கார்ந்திருக்கு. பென்டிரைவ்ல காப்பி பண்ணுங்க. பெரும்பாலான பென்டிரைவ்ல அந்தத் திண்ணைக்கு இடமே கிடையாது. மேக் என்ன பண்ணும்? புள்ளி, அடிக்கோடுன்னு ஆரம்பிக்கிற ஒரு குட்டி ஃபைலைத் துணைக்கு அனுப்பும். பிரிண்ட் எடுக்கிற கடையில விண்டோஸ்ல சொருகினா எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும். கடைப் பையன் “அண்ணே வைரஸ்”னு அழிச்சுடுவான். டேக் போச்சு. ஜிப் பண்ணி அனுப்பினா, மேக்ஓஎஸ்எக்ஸ்னு பேர் போட்ட ஒரு ஃபோல்டர் கூடவே வந்து நிக்கும். விண்டோஸ்காரர் அதைப் பார்த்து முழிப்பார்.

விண்டோஸ்காரங்களும் சிரிக்க வேண்டாம். பிராப்பர்டீஸ்ல டீட்டெயில்ஸ் போனா வேர்டு ஃபைலுக்கும் ஜேபெக் படத்துக்கும் டேக் போடலாம். சாதா டெக்ஸ்ட் ஃபைலுக்கு முடியாது, பிடிஎஃப்புக்கும் முடியாது. நம்ம வீட்டுப் பத்திரம், பட்டா எல்லாம் என்னவா இருக்கு? பிடிஎஃப்! லினக்ஸ்ல டிஎம்எஸ்யூன்னு டேக் போடுற மென்பொருள் ஒண்ணு, டேக்கையெல்லாம் தனி டேட்டாபேஸ்ல எழுதி வைக்குது. ஃபைலை வேற இடத்துக்கு மாத்தினா அதுக்குத் தெரியாது, ‘ரிப்பேர்’ கட்டளை போடணும். ஃபைலை அது இருக்கிற இடத்தை வச்சுத் தேடாம, தன்மையை வச்சுத் தேடுற மாதிரி வின்எஃப்எஸ்னு ஒண்ணைக் கொண்டுவரப்போறோம்னு மைக்ரோசாஃப்ட் 2003ல அறிவிச்சு, 2006ல கைவிட்டுச்சு.

எதிரணித் தம்பி ஒருத்தர் டேக்ஸ்பேசஸ்னு ஒரு மென்பொருளைச் சொன்னார். அதுல போட்ட டேக் எங்க போனாலும் கூட வருமாம். வரும் தம்பி, ஏன் வருது? அப்படி வரணும்னா, அது டேக்கைக் கொண்டுபோய் சதுர அடைப்புக்குள்ள ஃபைலோட பேர்லயே எழுதணும். பேர் வைக்கிறது எங்க கட்சி!

கடைசியா எதிரணித் தலைவர் சீர்காழிக்கே போயிட்டார். அங்க பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924ல சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர், 1933ல நூலகப் புத்தகங்களை வகை பிரிக்கிற கோலன் பகுப்புமுறையை வெளியிட்டவர். ஒரு புத்தகத்தை ஒரே பெட்டியில அடைக்காம பொருள், இடம், காலம்னு பல முகமாப் பார்க்கச் சொன்ன மகான். “டேக்குக்கே அவர்தான் தாத்தா”ன்னார். கும்பிடுறேன். ஆனா அந்த முகங்களையெல்லாம் ரங்கநாதன் என்ன செஞ்சார்? இதுக்கப்புறம் இதுன்னு வரிசை கட்டி, நடுவுல குறி போட்டு, ஒரே எண்ணா ஆக்கினார். அந்த எண்படி புத்தகம் அலமாரியில ஒரே இடத்துல நின்னுச்சு. மத்த வழியாத் தேடுறவங்களுக்குக் கேட்டலாக் இருந்துச்சு. அதை எழுதப் பயிற்சி பெற்ற ஆள் இருந்தாங்க. உங்க லேப்டாப்புக்கு நூலகர் யாரு? ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல ‘டவுன்லோட்ஸ்’ல எல்லாத்தையும் கொட்டிட்டுப் படுக்கிற நீங்கதானே!

ஒண்ணு ஒத்துக்கிறேன். போட்டோவுக்கு டேக் நல்லதுதான். ஜேபெக்ல அது படத்துக்குள்ளேயே எழுதப்படும், கூடவே போகும். ஆனா அதே படத்தை வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பிப் பாருங்க, டேக்கையெல்லாம் துடைச்சு வழிச்சுத்தான் படம் அந்தப் பக்கம் போய்ச் சேரும்.

ஐயா மணியைத் தொட்டுட்டாங்க, முடிக்கிறேன். எனக்கு அடுத்து வர்ற டேக் அணிப் பேச்சாளருக்கு ஒரே கேள்வி. மேக்ல நீங்க சிவப்பு டேக் போட்டு ‘அவசரம்’னு வச்ச பிடிஎஃப்பை மெயில்ல அனுப்புறீங்க. விண்டோஸ்ல திறக்கிற ஆடிட்டருக்கு அந்த அவசரம் எப்படித் தெரியும்? “போன் பண்ணிச் சொல்லுவேன்”னு மட்டும் சொல்லிடாதீங்க!