கம்பை எடுத்துத் தொட்டுப் பார்த்தவர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எதற்கும் சான்று கேட்ட பண்டைய கிரேக்க ஐயவாதிகள் மனிதனை முடக்கிப் போட்டார்கள் என்கிறது எதிரணி. நிதானமாக நடக்கப் பழக்கினார்கள் என்கிறோம் நாங்கள்.

இந்த ஐயவாதிகளுக்கு முன்னோடியான பிர்ரோவின் கதையை எதிரணித் தலைவர் சொன்னார். வண்டி வந்தாலும் விலகமாட்டாராம், நண்பர்கள்தான் கூடவே போய்க் காப்பாற்றினார்களாம். தத்துவவாதிகளின் வரலாற்றை எழுதிய டயோஜனிஸ் லேர்டியஸ் அப்படி எழுதியிருக்கிறார், சரி. அதை ஒட்டியே அவர் எழுதிய இன்னொன்றை ஏன் விட்டுவிட்டீர்கள்? அன்றாட வாழ்வில் பிர்ரோ கவனமாகத்தான் இருந்தார் என்று பின்னாளில் வந்த ஐயவாதி ஏனெசிடிமஸ் சொன்னதும், தொண்ணூறை நெருங்கும்வரை பிர்ரோ வாழ்ந்ததும் அங்கேயே இருக்கிறதே!

இவர்கள் கேட்ட கேள்வி சாதாரணமானதல்ல. ஒரு கருத்துக்குக் காரணம் சொல்கிறீர்கள். அந்தக் காரணத்துக்கு என்ன காரணம்? கேட்டுக்கொண்டே போனால் முடிவே இல்லை. நடுவில் ஓரிடத்தில் ‘இது அப்படித்தான்’ என்று நிறுத்தினால், மறுப்பவரும் அதே உரிமையோடு நிறுத்தலாம். முதலில் சொன்னதையே சான்றாக்கினால் செக்குமாட்டு நடை. ஐயவாதி அக்ரிப்பா போட்ட இந்த முடிச்சை இன்றும் அறிஞர்கள் அவிழ்க்கப் பார்க்கிறார்கள். தெளிவாகத் தெரிவதே சான்று என்றார்கள், இவர்களோடு வாதிட்ட இன்னொரு கிரேக்கத் தத்துவப் பிரிவினரான ஸ்டோயிக்குகள். இரட்டையரில் தம்பியை அண்ணன் என்று நினைத்தவருக்கும் தெளிவாகத்தானே தெரிந்தது?

‘அப்படியானால் எப்படி வாழ்வது?’ நியாயமான கேள்விதான். அதற்கு இன்னொரு ஐயவாதியான கார்னியடிஸ் பதில் சொல்லியிருக்கிறார். இருட்டறையில் ஏதோ சுருண்டு கிடக்கிறது. பாம்பென்று பதறித் தாண்டிக் குதிக்கிறார் ஒருவர். திரும்பிப் பார்த்தால் அசைவில்லை. கயிறோ? ஆனால் குளிரில் பாம்பும் விறைத்துக் கிடக்குமே. கம்பை எடுத்துத் தொட்டுப் பார்க்கிறார். அப்புறம்தான் கயிறு என்று ஏற்கிறார். கயிற்றரவு நமக்கும் பழகிய உவமைதான். மயக்கத்தைச் சொல்ல நம் வேதாந்திகள் எடுத்த அதே கயிறு, இங்கே சோதித்துப் பார்க்கும் முறையைச் சொல்கிறது. சின்ன விஷயத்துக்கு ஒரு சாட்சி, பெரியதற்குப் பல சாட்சிகள், இன்னும் பெரியதென்றால் ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்பிட்டு விசாரிப்பது. எனக்கு இவர்களைப் பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான்.

இந்தக் கயிற்றுக் கதையை நமக்கு விட்டுச்சென்ற செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் ஒரு மருத்துவர். பசித்தால் உண்போம், தாகமெடுத்தால் குடிப்போம், ஊர் வழக்கப்படி நடப்போம், கற்ற தொழிலைச் செய்வோம் என்று எழுதியவர். இதில் முடக்கம் எங்கே இருக்கிறது? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் அதை மட்டும் காட்டட்டும். நன்றி, வணக்கம்.